நீங்கள் என்னிடம் கேட்காதது

எதிர் வீட்டில் காலையிலிருந்து கொள்ளு வேகிறது. புதிதாகக் குடிவந்த ஜட்காக்காரரின் வீடு அது. வாசனை தெருவைத் தாண்டி என் அடுப்படிக்குள் வந்தபோது, அடிபிடித்துவிடுமே என்று கரண்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். என் அடுப்பில் எதுவும் இல்லை. நம் வீட்டில் குதிரை இல்லாமல் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. நீங்களும் போய்விட்டீர்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

உங்களுக்கு என் ஸலாம். உங்களை அடக்கிய கபுறுஸ்தானுக்குப் பெண்கள் போவது நம் ஊரில் வழக்கமில்லை. அதனால் பக்கத்தில் வந்து சொல்ல முடியாததை வீட்டிலிருந்தே எழுதுகிறேன். தமிழை அரபெழுத்தில் எழுதுவது ஒன்றுதான் எனக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்கள் உயிரோடு இருந்தாலும் இதைப் படித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு எந்த எழுத்தும் தெரியாது. நான் வாசிக்க வாசிக்க, பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். பூந்தமல்லிக்கும் ஆவடி ரயிலடிக்கும் நடுவே ஜட்கா ஓட்டினீர்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி யாராவது ஏறினால் வழி நெடுகப் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டுவீர்கள் என்று ஊரில் சொல்வார்கள். என்னை ஒரு நாளும் கைநீட்டி அடித்ததில்லை. ஆனால் கள் குடித்தீர்கள். சவாரி முடிந்து திரும்பும் வழியில் தோப்புப் பக்கம் வண்டி தானாகவே நிற்கும், குதிரைக்கே பழகிப்போய்விட்டது என்று நீங்களே சிரித்துச் சொல்வீர்கள். "இன்னிக்கி ஒரு நாளு தான் புள்ள" என்பீர்கள். எல்லா நாளும் அந்த ஒரு நாளாக இருந்தது.

நம் மகள் ஜைனபுக்கு உங்கள் வண்டிதான் உலகம். பால்பல் விழத் தொடங்கியிருந்த வயது. முன்பலகையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் தொங்கவிட்டு, "ஆவடி டேசன், ஆவடி டேசன்" என்று ஆள் கூப்பிடுவாள். பெண்பிள்ளையை இப்படியா தெருவில் கத்த விடுவது என்று என் அம்மா திட்டுவார்கள். "சின்னது தானே மாமி, கொஞ்ச நாளு கத்தட்டும்" என்று சொல்லி அவளைத் தூக்கிப் பலகையில் வைத்துக்கொள்வீர்கள். நான் தடுத்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் எப்படித் தடுப்பது.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஆவடியில் உங்கள் அக்கா வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போனீர்கள். திரும்பி வரும்போது தோப்பில் வண்டி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு பருத்திப்பட்டுக்குக் கீழே, கூவத்தின் குறுக்கே இருக்கும் தரைப்பாலத்துக்கு வந்தீர்கள். கல் பாவிய பாலத்தின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கரையில் இரண்டு மாட்டுவண்டிகள் அவிழ்த்து நின்றன. தண்ணி வடியட்டும் அண்ணாத்தே என்று வண்டிக்காரர்கள் சொன்னார்களாம். "நான் பாக்காத தண்ணியா" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டிவிட்டீர்கள்.

பாலத்தின் நடுவில் ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டிவிட்டது. வண்டி சாய்ந்தது. குதிரை உங்களை இழுத்துக்கொண்டு கரையேறியது. ஜைனபு ஏறவில்லை.

மறுநாள் காலையில் நூம்பல் பக்கம் கோரைப் புதரில் அவளைக் கண்டவள் கன்னியம்மா. அதுவரை எனக்கு அவளைத் தெரியாது. பண்ணையில் களையெடுக்கப் போகிறவள், கழனி வழியே நடக்கும்போது சிவப்புப் பாவாடையைப் பார்த்திருக்கிறாள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே தண்ணீரில் இறங்கித் தூக்கி, தன் முந்தானையைக் கிழித்துப் போர்த்தி, கரையில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள். ஊர்க்காரர்கள் போய்ச் சேர்ந்தபோது, "இந்தப் புள்ளக்கி தாயி கீதா? சொல்லி அனுப்புங்கோ, நான் உட்டுட்டுப் போமாட்டேன்" என்றாளாம். அவளும் கூடவே நடந்து நம் வாசல் வரைக்கும் வந்தாள். நான் பிள்ளையைக் குளிப்பாட்டினேன். காதுமடலில் மண் இருந்தது. அதை எடுக்க வெகுநேரம் பிடித்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு நீங்கள் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தீர்கள். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். பார்த்தவர்கள் யாரும் இல்லை, கரையிலிருந்தவர்களுக்கு அவ்வளவு தெரிந்திருக்காது. நீங்கள் சொன்னீர்கள்.

"வண்டி சாஞ்சப்போ எங்கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்தா. 'அத்தா'ன்னு கூப்ட்டா. அவளப் புடிக்கணும்னுதான் நெனச்சேன். கை லகானைப் புடிச்சிகினு இருந்துச்சு. உடல, புள்ள. கை உடல."

குடித்ததை நான் பொறுத்திருப்பேன். தண்ணீரில் வண்டியை இறக்கியதைக்கூட, ஆண்பிள்ளையின் வீம்பு என்று ஒருநாள் பொறுத்திருப்பேன். குதிரையின் வாரைப் பிடித்துக்கொண்டு பிள்ளையை விட்ட அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு சோற்றைத் தட்டில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். உங்கள் கையில் கொடுத்ததில்லை.

நீங்கள் குதிரையை விற்றுவிட்டீர்கள். செங்கல் சூளையில் மண் மிதிக்கப் போனீர்கள். கள்ளை விட்டது எப்போது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் உங்கள் சட்டையைத் துவைக்கும்போது அந்த வாடை இல்லை என்பதைக் கவனித்தேன். சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன்.

பிறகு பள்ளிவாசலுக்குப் போகத் தொடங்கினீர்கள். முதலில் உள்ளே போகாமல், செருப்பு விடும் இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்களாம். தொழவைக்கும் ஹஜ்ரத் ஒருநாள் வெளியே வந்து, "ஏன் இங்கயே நிக்கிறீங்க" என்று கேட்டிருக்கிறார். "என்னை உள்ள சேப்பாங்களா" என்று கேட்டீர்களாம். "சேக்கிறது நாங்களா? வாங்க" என்று அவர் உங்கள் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். உங்களுக்கு முதன்முதலில் ஓதிக்கொடுக்கும் அல்ஹம்து சூராகூட முழுதாகத் தெரியாது. பிள்ளைகள் ஓதும் இடத்தில், கடைசி வரிசையில், சூளை மண் ஒட்டிய காலோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து கற்றுக்கொண்டீர்கள். பிள்ளைகள் சிரித்ததை ஊரே பேசியது. எனக்கு அந்தச் சூராக்கள் எல்லாம் தெரியும். நீங்கள் வீட்டில் தப்பும் தவறுமாக ஓதிப் பழகும்போது நான் திருத்தியதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, வாசற்படியில் உட்கார்ந்தபடி, என் பக்கம் பார்க்காமல் சொன்னீர்கள்.

"ஹஜ்ரத்துகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். லகானப் புடிச்சதையும் சொன்னேன். அல்லாவோட ரஹ்மத்துல, அவங் கருணையில, ஆசை அத்துப்போவக் கூடாதுன்னாரு. மனசு வருந்தி தௌபா செஞ்சா அவன் மன்னிப்பான். ஆனா மனுசருக்குச் செஞ்சத அந்த மனுசரே மன்னிச்சுப் பொருந்திக்கணுமாம். உங்கிட்ட கேக்கச் சொல்றாரு."

"கேளுங்க" என்றேன். அடக்கத்துக்குப் பிறகு உங்களிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தரையைப் பார்த்தபடி சொன்னீர்கள். "கேக்க மாட்டேன். நீ இல்லன்னுட்டா அப்புறம் நான் எங்க போறது. அவன்கிட்டயே கேக்கறேன். உன் மனசும் அவங் கையிலதானே கீது."

அன்றிலிருந்து நீங்கள் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

நானும் அந்தக் காலமெல்லாம் தொழுகையை விடவில்லை. பாங்கு சொன்னதும் கை கால் கழுவி ஒளுச் செய்வேன், தொழுவேன், தொழுகை முடிவில் ஸலாம் கொடுத்ததும் பாயைச் சுருட்டிவிடுவேன். கையேந்தி துவாக் கேட்பதை மட்டும் விட்டிருந்தேன். கேட்க என்ன இருக்கிறது. நான் கேட்டிருக்கக்கூடிய ஒன்று மண்ணுக்குள், கபுறில் இருந்தது. கடமையைச் செய்துவிட்டு எழுந்து போகிற வேலைக்காரி மாதிரி அவன் முன்னால் நின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் அதற்கு நேர்மாறு. உங்கள் அரபி தப்பு. குனிந்து ருக்கூவில் ஓதுவதை, நெற்றி தரையில் படும் ஸுஜூதில் ஓதுவீர்கள். ஆனால் தொழுது முடித்ததும் கையேந்திவிட்டால் எழுந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து வீட்டில் பசிக்குச் சோறு கேட்பவர் மாதிரி, நமக்குத் தெரிந்த தமிழில், மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். உங்களுக்கு மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் மாலை, தண்ணீர்ப் பானையை எடுக்க வந்தபோது காதில் விழுந்தது. "அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் குடு, ரப்பே. ஒரு நாளாச்சும் நல்லா தூங்கட்டும்." நான் தூங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பானையை எடுக்காமலே திரும்பிவிட்டேன். மனம் இளகியதா என்று கேட்டால், இல்லை. கோபம்தான் வந்தது. எனக்காகக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்று நினைத்தேன்.

மழைக்காலம் வந்தால் சூளையில் வேலை கிடையாது. நீங்கள் விடிந்ததும் கிளம்பிவிடுவீர்கள், எங்கே என்று நான் கேட்டதில்லை. கன்னியம்மாதான் வந்து சொன்னாள். அவள் அதற்குள் கீரைக்கூடையோடு நம் தெருவுக்கு வர ஆரம்பித்திருந்தாள். எல்லா வீட்டிலும் கூடையை இறக்குவாள், நம் வீட்டில் மட்டும் கூடையை ஓரமாக வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளையைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நானும் பேச மாட்டேன்.

"யம்மா, உங்க ஊட்டுக்காரரு தரைப்பாலத்தாண்ட நின்னுகினு கீறாரு. தெரியுமா உனுக்கு?" என்றாள் ஒருநாள்.

தெரியாது என்றேன்.

"மழ வலுத்தா வந்துடறாரு. கோணியத் தலையில போட்டுகினு, முட்டிக்கால் தண்ணியில நின்னுகினு, வர்ற வண்டிய எல்லாம் திருப்பி உடறாரு. நேத்து இன்னா ஆச்சுன்னு கேளு."

பொம்பளையும் பிள்ளைகளும் ஏறியிருந்த ஜட்கா ஒன்று வந்ததாம். ஓட்டி வந்தவன் உங்களை அறிந்தவன். வழியை மறித்துக் குதிரையின் மூக்குக்கு நேரே நீங்கள் நின்றதும் அவனுக்கு ஆத்திரம்.

"தள்ளு, அண்ணாத்தே. பெத்த புள்ளய ஆத்துல உட்டவந்தானே நீ? நீ இன்னா எனுக்குப் புத்தி சொல்றே?"

நீங்கள் நகரவில்லையாம். "ஆமா நைனா, உட்டவந்தான். அத்தொட்டுதான் சொல்றேன். திரும்பிப் போ" என்றீர்களாம்.

அவன் சாட்டையை ஓங்கியிருக்கிறான். அப்படியே நின்றீர்களாம். வண்டிக்குள்ளிருந்த பொம்பளை அழத் தொடங்கிய பிறகுதான் அவன் வண்டியைத் திருப்பினான். "அந்த ஆளு மூஞ்சியப் பாக்க முடில யம்மா" என்றாள் கன்னியம்மா. "எனுக்கு உங்க சாமியப் பத்தி ஒண்ணியும் தெரியாது. ஆனா அந்தாளு அங்க நின்னுகினு யாரையோ பாத்துகினே கீறாரு. அது மட்டும் தெரியுது."

அன்று நீங்கள் நனைந்து வந்தபோது, கொடியிலிருந்து உலர்ந்த கைலியை எடுத்துத் திண்டின் மேல் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். அடுத்த மழையிலும் போனீர்கள், அதற்கடுத்ததிலும் போனீர்கள். உங்கள் மார்ச்சளி கோடையிலும் விடாமல் போனது. சூளையில் இருமிக்கொண்டே மண் மிதித்தீர்கள். தர்ம ஆஸ்பத்திரியில் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி ஒரு சீசாவில் மருந்து கொடுத்தார்கள். இனி மழையில் நிற்கக் கூடாது என்றார்கள். நீங்கள் தலையாட்டிவிட்டு வந்து, வானம் கறுத்ததும் கோணியைத் தேடினீர்கள்.

கடைசியில் எழுந்திருக்க முடியாமல் படுத்தீர்கள். உட்கார்ந்தபடியும், பிறகு படுத்தபடி கண்ணாலும் தொழுதீர்கள். ஒரு பகலில் ஹஜ்ரத் பார்க்க வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து யாசீன் ஓதி முடித்துவிட்டுச் சொன்னார். "சின்ன வயசுல மவுத்தாயிப் போன புள்ளைங்க இருக்கே, அதுங்க மறுமையில தாய் தகப்பனைப் பாத்தா, உடுத்தியிருக்கிற துணியப் புடிச்சுக்குமாம். சொர்க்கத்துல கொண்டுபோய்ச் சேக்கற வரைக்கும் உடாதாம். மனசைத் தளர உடாதீங்க."

அவர் போனபிறகு கஞ்சி கொண்டுவந்தேன். அப்போது கேட்டீர்கள். "என்னை அது புடிக்குமா, புள்ள? நான் அதைப் புடிக்கலியே."

எத்தனையோ வருஷங்களாக நான் உள்ளே வைத்திருந்தது அதே வார்த்தைதான். நானே உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியது. நீங்களே அதை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தீர்கள். நான் ஜைனபை நினைத்துப் பார்த்தேன். உங்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே தட்டில் சோற்றை விட்டுவிட்டு ஓடுபவள்.

"புடிக்கும்" என்றேன். "அவ உங்களப் புடிக்காம யாரப் புடிப்பா."

உங்கள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைத்துவிட்டேன். அந்தக் கை என் கை மேல் பட்டது. நான் இழுத்துக்கொள்ளவில்லை. கஞ்சி இரண்டு வாய் குடித்தீர்கள். பொழுது சாய்ந்து அஸர் பாங்கு சொல்லும் நேரத்துக்கு மூச்சு நின்றுவிட்டது.

நான் சொன்னது பிள்ளையைப் பற்றி. அது உண்மை, அதனால் சொன்னேன். என்னைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களைக் கிடத்திய ஜனாஸாவைத் தூக்கும் முன்னால் ஹஜ்ரத் வாசலில் நின்று, "இவரு யாருக்காவது மனசு நோகச் செஞ்சிருந்தா பொருந்திக்கங்க" என்று கேட்டார். பொருந்திக்கிட்டோம் என்று ஆண்கள் சொன்னார்கள். சாட்டை ஓங்கிய அந்த ஜட்காக்காரனும் வந்திருந்தான், அவன் குரல்தான் உரக்கக் கேட்டது என்று கன்னியம்மா சொன்னாள். உள்ளே பெண்கள் என் வாயைப் பார்த்தார்கள். சொல்லு, சொல்லிடு, மய்யித்து காத்திருக்கு என்று என் அம்மா தோளை உலுக்கினார்கள். எனக்கு வாய் வரவில்லை. அதற்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. மனசில் இல்லாததை நாக்கால் சொல்லி உங்களோடு அனுப்பியிருந்தால், அங்கே அது செல்லாது. நீங்கள் கேட்டது அவனிடம். அவன் கொடுக்காததை நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சண்டை வந்ததிலிருந்து ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் ஓயாமல் போகின்றன. அந்தச் சத்தத்துக்கு நம் வீட்டுச் சுவரிலிருந்து மண் உதிர்கிறது. சென்ற மாதம் ஒரு சாதாரண நாள். மழை இல்லை, யாருடைய நினைவுநாளும் இல்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அஸர் பாங்கு சொன்னார்கள். கையைக் கழுவி, ஒளுச் செய்து, தொழுதேன். ஸலாம் கொடுத்தேன். வழக்கம்போலப் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். எழுந்திருக்கவில்லை. என் இரண்டு கையும் மடியிலிருந்து மேலே வந்தன. நான் தூக்கினேன் என்று சொல்ல முடியாது. பல வருஷம் பேசாமலிருந்தவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. முதலில் வாயில் வந்தது உங்களைப் பற்றித்தான். அவரை மன்னிச்சிடு, ரப்பே, அவரு பாவம் என்றேன். அவரு பாவம் என்று சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. உள்ளே தேடிப் பார்த்தேன். அந்த லகான் இருந்தது, அந்தக் கை இருந்தது, தண்ணீரும் இருந்தது. எதுவும் அழிந்துவிடவில்லை. ஆனால் உங்கள் மேல் எனக்கிருந்த கசப்பு மட்டும் அங்கே இல்லை.

யாரும் எனக்கு எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. நானாக யோசித்து எந்த முடிவுக்கும் வரவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அவன் கொடுத்துவிட்டான். நீங்கள் இருக்கும்போது கொடுத்திருக்கலாமே என்று அவனிடமே கேட்டேன். அந்தக் கேள்வி என்னோடு கபுறுக்கு வரும் என்று நினைக்கிறேன்.

அன்று நான் நன்றாகத் தூங்கிவிட்டேன் என்றெல்லாம் நினைத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம் இன்னும் அரைகுறைதான். மழை பெய்தால் இன்னும் வாசலைப் பார்க்கிறேன். கன்னியம்மாவுக்கு வயதாகிவிட்டது, கூடை தூக்க முடியவில்லை. இருந்தாலும் வருகிறாள், உட்காருகிறாள். ஜைனபு பெயரை இப்போது அவளிடம் சொல்கிறேன். அவளும் சொல்கிறாள், அவள் வாயில் அது 'சைனாபு' என்று வருகிறது.

இப்போதெல்லாம் தொழுது முடித்ததும் கையேந்துகிறேன். உங்களைப் போல நீளமாகக் கேட்க எனக்கு வரவில்லை. உங்கள் கபுறை விசாலமாக்கச் சொல்கிறேன், உங்களை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறேன். அதற்கெல்லாம் முன்னால், நான் இவரைப் பொருந்திக்கிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். அவனுக்குத் தெரியும். அவன்தானே கொடுத்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். அவன் உங்களிடம் சொல்லட்டும்.